முப்பது பேர் எழுதிய மூக்கு

"திருத்தம் போடுங்க சார்."

இந்த ஒன்றை மட்டும் பியோவிடம் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மிரான் அக்கா சொல்லியிருந்தாள். லீவு கேள், ஹீட்டர் கேள், அவர் ஏன் புருவத்தில் பச்சை குத்திக்கொண்டார் என்றுகூடக் கேள். அச்சடித்த புத்தகத்துக்குத் திருத்தம் மட்டும் கேட்காதே. எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவள் ஆபீஸுக்குள் போடும் செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் வாசல் கதவுப் பிடியில் தொங்கியதாம்.

பியோ தோக்சு டேகு நகரத்தின் ஆங்கில டியூஷன் ராஜா. நான் சொல்லவில்லை, பேருந்துகளின் பின்பக்கம் சொல்கிறது. அவர் முகத்துக்குக் கீழே அவருடைய சொல் புத்தகம், அதற்குக் கீழே 'பத்துப் பதிப்பு, ஒரு பிழை இல்லை'. பிழை இல்லாமல் என்ன? கண்ணில் பட்டால் அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம். முந்தைய பதிப்பை வாங்கியவர்கள் தலையெழுத்து அவ்வளவுதான்.

"எதுக்குத் திருத்தம்?" என்றார் பியோ. ஜின்செங் சாற்றுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"சட்டையர்ங்கிற சொல்லுக்கு. மூக்கு வாக்கியம்."

"அது என்ன பண்ணுச்சு உன்னை?"

"என்னை ஒண்ணும் பண்ணல. முப்பது பொண்ணுங்களுக்கு முட்டை வாங்கிக் கொடுத்திருக்கு."

நடந்தது இதுதான். எங்கள் கட்டடத்துக்குப் பின் தெருவில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே அக்டோபர் இடைத்தேர்வில் ஆங்கிலத் தாளின் கடைசிக் கேள்வி: 'சட்டையர் என்ற சொல்லைச் சரியாகப் பயன்படுத்தி, அன்றாட வாழ்க்கை பற்றி ஓர் ஆங்கில வாக்கியம் எழுதுக.' ஐந்து மதிப்பெண். அந்தத் தேர்வை எழுதியவர்களில் முப்பது பேருக்கு மேல் எங்கள் டியூஷன் மையத்துப் பெண்கள். நாங்கள் சொல்லைக் கற்றுக்கொடுப்பதில்லை, புத்தகத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் வாக்கியத்தை உருப்போட வைக்கிறோம். சனிக்கிழமைதோறும் ஒப்பிக்க வேண்டும். ஒரு கமா தவறினாலும் வீட்டுக்கு விடமாட்டோம். ஆகவே அவர்களில் முப்பது பேர் கமா தவறாமல் ஒரே வாக்கியத்தை எழுதிவிட்டு வந்தார்கள்.

'மின்ஜியின் மூக்கைப் பற்றி நான் பேசிய சட்டையர் அவளை அழவைத்தது.'

தாள் திருத்திய ஹோங் டீச்சர் ஒரே மூக்கை முப்பது தடவை பார்த்து முப்பதுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார்.

பூஜ்யம் சரிதான். சட்டையர் என்றால் அங்கதம். ஊரில் நடக்கும் ஓர் அபத்தத்தை, பதவியில் இருப்பவனின் வேஷத்தை, சிரிக்க வைத்துக்கொண்டே தோலுரிக்கிற கதை, நாடகம், கேலிச்சித்திரம், எதுவாகவும் இருக்கலாம். அடி வாங்குகிறவன் மேலே இருப்பவனாக இருக்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரியின் மூக்கைச் சொல்லிக்காட்டுவதற்கு அங்கதம் என்று பெயர் கிடையாது. வாய்க்கொழுப்பு என்று பெயர்.

"அந்தச் சொல் யாரு பங்குல வந்துச்சு?" என்றார் பியோ.

"என் பங்குல. நான் எழுதின வாக்கியம் வேற. நீங்க மாத்தினீங்க."

நான் எழுதியது இது: 'அந்த நாடகம், பிள்ளைகளின் பரிசுகளைத் தாங்களே போட்டியிட்டு வாங்கித் தரும் பெற்றோரைப் பற்றிய சட்டையர்.' அச்சுக்குப் போகும் முன் பியோ அதை அம்மாக்கள் குழுவின் தலைவியிடம் காட்டினார். எந்தப் புத்தகத்தையும் அவளிடம் காட்டாமல் அச்சடிக்க மாட்டார். தலைவியின் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் அவள் ஹாரிம் அம்மா. மகள் ஹாரிம் அந்த வருஷம் மாநில அறிவியல் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியிருந்தாள். பதக்கம் வாங்கிய திட்டத்தைச் செய்தது ஒரு முனைவர் பட்ட மாணவன் என்பது எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஹாரிம் அம்மா என் வாக்கியத்தைப் படித்துவிட்டு, "இது யாரைச் சொல்லுது?" என்று கேட்டாளாம். அன்றைக்கே பியோ பேனாவை எடுத்து என் வாக்கியத்தை அடித்து மின்ஜிக்கு ஒரு மூக்கு வைத்தார். அப்போதே சொன்னேன், இது சட்டையர் இல்லை சார் என்று. "சட்டையர்னா கேலி. கேலி பண்ணா அழுவாங்க. போ, வேலையைப் பாரு," என்றார்.

இப்போதும் அதே முகம். புருவம் பச்சை குத்தியது என்பதால் கோபம் வந்தாலும் அது அசையாது.

"சேரின், ஒண்ணு கத்துக்கோ. புத்தகத்தைத் திருத்துறதைவிட பள்ளிக்கூடத்தைத் திருத்துறது சுலபம்."

"புரியல சார்."

"மறுபரிசீலனை மனு. அம்மாங்க எல்லாம் போடறாங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரை டைம் இருக்கு. நம்ம வெள்ளைக்கார வாத்தியார், இந்த வாக்கியம் சரின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு."

"அவர் விசா உங்க கையில இருக்கு சார். மின்ஜிக்கு மூக்கே கிடையாதுன்னாலும் போடுவாரு."

"போடுவாருதான். ஆனா அந்த ஹோங் பொண்ணு ஏத்துக்கல. அவரு படிச்சது விளையாட்டு மேலாண்மைன்னு சொல்லுது. இலக்கியம் படிச்ச ஆள் கருத்து வேணுமாம்." பொட்டலத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். "நீ பட்டப்படிப்புக் கட்டுரை எதைப் பத்தி எழுதின?"

நான் கூடையில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தேன்.

"விண்ணப்பத்துல இருந்துச்சே. சொல்லு."

"சட்டையர்."

"பாத்தியா. எனக்காகவே படிச்சிருக்க."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கட்டுரை எழுதிய செமஸ்டர் முழுவதும் இரவில் ஒரு கடையில் நின்று, குடித்துவிட்டு வருகிறவர்களின் ராம்யொன் நூடுல்ஸ் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரையை மொத்தம் இரண்டு பேர் படித்தார்கள், நானும் மதிப்பெண் போட்டவரும். மூன்றாவதாக ஒருவர் அதன் பெயரை உச்சரித்தது இப்படித்தான்.

"நான் போட மாட்டேன்."

"அவசரப்படாத. டிசம்பர்லேர்ந்து உனக்கு ஒரு வகுப்பு தர்றேன். பின்ரூம்ல உக்காந்து வாக்கியம் எழுதுற வேலை போதும். வாசல் பேனர்ல உன் போட்டோ வரும். என் பக்கத்துல இல்ல, கொஞ்சம் கீழ. ஆனா வரும்."

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். கரும்பலகையைப் பார்த்து நிற்பதற்காகத்தான் படித்தேன், ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்து உட்கார இல்லை.

"போடலன்னா?"

"போடலன்னா என்ன. டேகு சின்ன ஊரு. நான் நாலு பேருக்கு போன் பண்ணினா, நீ உங்க ஊர் பொஹாங்குக்குத் திரும்பிப் போய் உங்க அம்மா கூட குளிக்க வர்றவங்க முதுகைத் தேய்க்கலாம். அவங்க பொதுக் குளியல் நிலையத்துலதானே வேலை பாக்கறாங்க? அதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அதுக்காகத்தான் உன்னை எடுத்தேன்."

"அதை நானா எழுதல சார். 'நீங்கள் கடந்து வந்த கஷ்டம் என்ன'ன்னு விண்ணப்பத்துல நீங்கதான் கேட்டிருந்தீங்க."

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றார்.

*

மிரான் அக்கா கீழே கடையில் கடற்பாசியில் சுற்றிய முக்கோணக் கிம்பாப் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே நடைபாதையில் ஜிங்கோ மரத்துப் பழங்கள் நசுங்கி நாறிக்கொண்டிருந்தன. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த நாற்றம் உள்ளே வந்தது. நான் உட்காரும் முன்பே விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கேட்டுட்டியா? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?"

"தப்பு நம்மளது அக்கா."

"தப்பு யாருதுன்னு இங்க எவன் கேட்டான்? மார்க் யாருதுன்னுதான் கேப்பாங்க."

"கையெழுத்துப் போட்டா அந்த ஹோங் டீச்சருக்கு என்ன ஆகும்?"

"அவ ஒப்பந்த டீச்சர். பிப்ரவரியில ஒப்பந்தம் முடியுது. முப்பது அம்மாங்க கல்வி அலுவலகத்துக்கு தினம் போன் பண்ணா ஜனவரியிலேயே முடியும். அவ போவா, இன்னொருத்தி வருவா, அவளும் ஒப்பந்தம். இதுல நீ எதுக்கு நடுவுல போய் விழற?"

"நான் விழல. என்னைத் தள்ளறாங்க."

"தள்ளினா தள்ளின இடத்துல நில்லு." கிம்பாப்பின் ஒரு மூலையைக் கடித்தாள். "ஒன்பது வருஷமா இருக்கேன். அந்தப் புத்தகத்துல பாதி வாக்கியம் என்னுது. எங்கயாவது என் பேர் பாத்திருக்கியா? உனக்குப் பேனர்ல போட்டோ போடறேங்கறான். எனக்கு ஒரு தடவை அப்படிச் சொல்லியிருந்தா மின்ஜிக்கு மூக்கு மட்டுமில்ல, காதும் சட்டையர்னு எழுதிக் கொடுத்திருப்பேன்."

அவளுக்கு என் மேல்தான் கோபம், பியோ மேல் இல்லை. பியோ மேல் கோபப்பட்டால் ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பட வேண்டியிருக்கும்.

*

மாலை வகுப்பு விட்டதும் தண்ணீர் மெஷின் பக்கத்தில் யூல் நின்றாள். பதினேழு வயது, எப்போதும் கடைசி வரிசை. சனிக்கிழமைகளில் ஒப்பிக்க முடியாமல் கடைசியாக வீட்டுக்குப் போகிறவள். உண்மையில் முடியாமல் இல்லை, மாட்டேன் என்கிறாள். கண்காணிக்கும் வேலை என்னுடையது என்பதால் எனக்குத் தெரியும்.

"டீச்சர், நீங்கதான் போடப்போறீங்களாமே."

"எதை?"

"கையெழுத்தை. ஹாரிம் கிளாஸ் குரூப்ல போட்டிருக்கா. 'சேரின் டீச்சர் போடுவாங்க, நம்ம அஞ்சு மார்க் வந்துரும்'னு. கூட ஒரு இதயம் வேற."

"நான் போடறேன்னு சொல்லவே இல்ல."

"போட மாட்டேன்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கதவைச் சாத்தச் சொன்னாரு."

"சாத்திட்டீங்க," என்றாள் யூல். காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்தாள், குடிக்கவில்லை. "நான் மூக்கு எழுதல. என் சொந்த வாக்கியம் எழுதினேன். அஞ்சுக்கு அஞ்சு."

"என்ன எழுதின?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'போதுமான தூக்கத்தின் அவசியம் பற்றி எங்கள் பள்ளி இரவு பத்து மணிக்குச் சொற்பொழிவு நடத்தியது, மாணவர் இதழில் நான் எழுதிய சட்டையர் அதைப் பற்றியது.'"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"நல்லா சிரிங்க. சிரிச்சுட்டு அப்படியே போய்க் கையெழுத்தும் போடுங்க. முதல் தரத்துல பத்துப் பேருக்குத்தான் இடம். நான் பத்தாவது. அவங்க முப்பது பேருக்கும் அஞ்சு சேர்ந்தா நான் எத்தனாவதுன்னு எண்ணக்கூடப் பிடிக்கல. முதல் தரம் இல்லன்னா எனக்குப் பள்ளிக்கூடத்து சிபாரிசு கிடைக்காது. சிபாரிசு இல்லன்னா நான் கேக்கற காலேஜ் இல்ல."

"உங்க அம்மாவை வந்து பேசச் சொல்லு யூல்."

"அம்மா மத்தியானம் சாப்பாட்டுக் கடையை மூடிட்டு வந்தா அன்னைக்குச் செஞ்சது அத்தனையும் வீண். அம்மாங்க குரூப்லயும் அவங்க இல்ல. யாரும் சேத்துக்கல." கோப்பையைக் கூடையில் போட்டாள், தண்ணீரோடு. "நானும் இந்த மையத்துக்குத்தான் டீச்சர் பீஸ் கட்டறேன். என் பீஸையே வாங்கி என்னைக் கீழ தள்ள ஆள் வெச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆறுதலுக்காக ஏதாவது சொல்லியிருந்தால் என் மூஞ்சியிலேயே சிரித்திருப்பாள், அதுவும் நியாயம்தான்.

*

அம்மாவுக்கு போன் செய்தது என் முட்டாள்தனம்.

"கையெழுத்துதானே கேட்டாங்க? கிட்னியா கேட்டாங்க?" என்றாள். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தம். "போட்டுத் தொலை."

"பொய்யின்னு தெரிஞ்சு போடணுமா அம்மா?"

"இங்க வர்றவங்க எல்லாரோட முதுகையும் தேய்ச்சுட்டு, 'தோல் பட்டு மாதிரி இருக்கு'ங்கறேன். அதெல்லாம் நிஜமா? போட்டோ பேனர்ல வருமாமே, எவ்வளவு பெருசு?"

"அம்மா."

"படிச்சவ, நாலு இடத்துல வளைஞ்சு குடுக்கத் தெரியும்னு நெனச்சேன். வளையக் கத்துக்கத்தானே படிக்க வெச்சேன். வளையாம இருக்கறதுக்கு இங்கயே இருந்திருக்கலாமே, செலவு மிச்சம்."

போனை நான்தான் வைத்தேன். அவள் மேல் இருந்த கோபத்தில் பல் துலக்கும்போது ஈறு கிழிந்தது. அவள் வளைந்து வளைந்து முதுகெலும்பு தேய்ந்து நிற்கிறாள், அதே வித்தையை எனக்குச் சீதனமாகத் தருகிறாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து ஹோங் டீச்சரைக் கேட்டேன். மையத்தின் பெயரைச் சொன்னதும் குரல் மாறியது.

"மூக்குக்காரங்களா? இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? காலையிலேர்ந்து பதினோரு போன். ஒரு அம்மா என் பட்டத்தையே காட்டச் சொல்றாங்க."

"அந்த வாக்கியம் தப்பு டீச்சர். அதை உங்ககிட்ட சொல்லத்தான் போன் பண்ணேன்."

அந்தப் பக்கம் இன்னொரு போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை.

"இது என்ன புது விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. அந்தச் சொல்லுக்கு நான் எழுதின வாக்கியத்தை மாத்தி இதைப் போட்டாங்க. நான் படிச்சது இலக்கியம். சட்டையர் பத்திதான் கட்டுரை எழுதினேன். மையத்து ஆளே தப்புன்னு எழுதிக் கொடுத்தா மனு நிக்குமா?"

"நிக்காது," என்றார் உடனே. அப்புறம் நம்பாத குரலில், "போன்ல எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. மனு வாங்கற நேரம் அஞ்சு மணியோட முடியுது. அதுக்குள்ள நேர்ல வந்து, என் முன்னாடி எழுதிக் கொடுங்க. வர மாட்டீங்க. பரவாயில்ல, வைங்க."

வைத்துவிட்டார். ஒரு நன்றிகூட இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வாரம் முழுவதும் என்னிடம் எதையும் விற்க முயலாத ஒரே ஆள் அவர்தான்.

*

அம்மாக்கள் கூட்டம் அன்றைக்கே நான்கு மணிக்கு, பெரிய வகுப்பறையில். ஆளுக்கொரு ஐஸ் காபி, நடுவில் தோல் சீவி வெட்டி அடுக்கிய பேரிக்காய். ஹாரிம் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் பழம் குத்தும் குச்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிரான் அக்கா கதவோரம் நின்றாள். மேசை மேல் என் பெயர் அச்சடித்த கருத்துரை, பக்கத்தில் பேனா, பேனாவுக்கு மூடிகூடக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"இவங்கதான் நம்ம சேரின் டீச்சர்," என்றார் பியோ. "ஏழைக் குடும்பம். அரசுப் பல்கலைக்கழகம். சட்டையர்ல நிபுணர்."

பின்வரிசையில் ஒருத்தி கை தட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள்.

கருத்துரையை எடுத்துப் படித்தேன். 'மொழி வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்றைய அன்றாட ஆங்கிலத்தில் சட்டையர் என்ற சொல் தனிப்பட்ட கேலியையும் குறிக்கும் என்பது என் ஆய்வின் முடிவு.' என் ஆய்வாம்.

"கையெழுத்துப் போடும்மா," என்றாள் ஹாரிம் அம்மா. "பிள்ளைங்க மூணு நாளா சரியா சாப்பிடல."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேங்க," என்றேன். "நீங்க ஒரு கோப்பையைக் கீழ போட்டு உடைக்கிறீங்க. உங்க மாமியார் 'ரொம்ப அழகு'ங்கறாங்க. அது சட்டையரா?"

"ஆமா," என்றாள் ஒருத்தி.

"இல்ல. அது குத்தல். ஆங்கிலத்துல அதுக்கு வேற சொல் இருக்கு. ஒருத்தன் ஒரு நாடகம் எழுதறான். அதுல ஒரு ஊரு. அந்த ஊர்ல பிள்ளைங்க மூச்சு விடறதுக்கும் டியூஷன். நல்லா மூச்சு விடற பிள்ளைக்குப் பதக்கம். பதக்கம் வேணும்னு அம்மாங்க ஆள் வெச்சு மூச்சு விடறாங்க. இது சட்டையர். 'நேத்து ஒரு நல்ல சட்டையர் பாத்தேன், டியூஷன் பைத்தியத்தைப் பத்தினது'ன்னு வீட்ல சொல்லலாம். சரியான வாக்கியம்."

பேரிக்காய் மெல்லும் சத்தம் நின்றது.

"பதக்கம்னு எதுக்குச் சொன்ன?" என்றாள் ஹாரிம் அம்மா.

"சேரின்," என்றார் பியோ. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "வகுப்பு டிசம்பர்ல. இன்னைக்குக் கையெழுத்து மட்டும்."

"இன்னும் ஒரு வாக்கியம் இருக்கு சார். உங்க புத்தகத்துக்கு. 'சொல்லின் பொருள் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறார், பிழை வந்தால் பள்ளிக்கூடத்தைத் திருத்துகிறார். இதை வைத்து யாராவது ஒரு சட்டையர் எழுதலாம்.' கமாவோட ஒப்பிக்கட்டுமா?"

"எங்களை உக்கார வெச்சு அவமானப்படுத்தறியா?" ஹாரிம் அம்மா எழுந்துவிட்டாள். "முதுகு தேய்க்கிறவ பொண்ணுக்கு வாயைப் பாரு. இது என்ன, உன் சட்டையரா?"

"இல்லைங்க. சட்டையர்னா கொஞ்சம் கற்பனை வேணும். இது நடந்தது."

"எங்க பிள்ளைங்க அஞ்சு மார்க்குக்கு யார் பதில் சொல்றது?" என்று இன்னொருத்தி கேட்டாள். அவள் கத்தவில்லை, அழுகிற மாதிரி கேட்டாள். அவளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"புத்தகத்துல தப்பு இருக்குன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவ படிச்சா, மனப்பாடம் பண்ணா, அவ மேல தப்பில்ல. தப்பான வாக்கியத்தை வித்தவர் இங்கதான் நிக்கறாரு, அவரைக் கேளுங்க. அந்த அஞ்சு மார்க்கைத் தானே யோசிச்சு வாங்கின ஒரு பொண்ணும் இதே மையத்துலதான் படிக்கறா. அவ அம்மா இன்னைக்கு இங்க இல்ல."

"ஒரு பொண்ணு," என்றார் பியோ. "இங்க முப்பது பேர். கணக்குப் போடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் போறேன்."

"போனா இந்த ஊர்ல ஒரு கரும்பலகை பக்கம்கூட உன்னை நிக்க விட மாட்டேன். எழுதி வெச்சுக்கோ."

கருத்துரையை மேசையில் வைத்தேன். கிழிக்கவெல்லாம் இல்லை, கிழித்தால் இன்னொன்று அச்சடிப்பார்கள், காகிதம்தான் வீண். பையைத் தோளில் மாட்டினேன். ஹாரிம் அம்மா வழியில் நின்றாள். நான் நிற்கவில்லை, அவள்தான் விலகினாள். கதவோரத்தில் மிரான் அக்கா என் கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "பைத்தியமா உனக்கு? எங்க போற?" என்றாள்.

"பின் தெருவுக்கு, ஹோங் டீச்சர்கிட்ட. கையை விடு அக்கா, அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

விடவில்லை. உதறிவிட்டுப் படியிறங்கினேன்.